கண்காணிப்போரும் கடன்கொடுத்தோரும்
இலங்கைப் பெருந்தோட்ட மூலதன வரலாற்றில் ஒரு நோக்கு

பிறர் பணத்தைக் கொண்டு தொழில் நடத்துவோனுக்கும் அப்பணத்தைக் கொடுத்தோனுக்கும் இடையே எப்பொழுதும் ஓர் இடைவெளி உண்டு. கொடுத்தவன் ஓரிடத்தில் இருக்க, பணம் வேறோரிடத்தில் வேலை செய்யும். அங்கு நடப்பதை அவன் நேரிற் காண்பதில்லை. அவனுக்காக யாரேனும் ஒருவர் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் யார், பார்ப்பதனால் அவர் பெறுவதும் பாராது விடுவதனால் அவர் இழப்பதும் யாவை என்பனவற்றைப் பொறுத்தே ஒரு தொழில் கடன் மூலதனத்தால் நடைபெறுமா, பங்கு மூலதனத்தால் நடைபெறுமா என்பது பெரும்பாலும் தீர்மானமாகின்றது. தம் பணத்தைக் காப்பது போன்ற விழிப்புடன் பிறர் பணத்தைக் கம்பனி இயக்குநர் காப்பர் என எதிர்பார்க்க முடியாது என்று அடம் சிமித் 1776 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதன்பின் இருநூறு ஆண்டு கழித்து, 1976 இல், ஜென்சன், மெக்லிங் ஆகிய இருவரும் இவ்வையத்தை ஒரு கோட்பாடாக வகுத்தனர். வங்கி என்பது வைப்பாளர் பலரும் தம் சார்பிற் பார்க்கும்படி அமர்த்திய ஒற்றைக் கண்காணிப்பாளனே என 1984 இல் டயமண்ட் விளக்கினார்.

இக்கோட்பாடுகளை விரிவுரை மண்டபத்திற் கேட்டபொழுது எமக்கு நினைவில் எழுந்தது மலைநாட்டில் வழங்கும் ஒரு சொல். ‘கங்காணி’ என்னும் சொல் ‘கண்காணி’ என்பதன் மரூஉ. கண்ணாற் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பதே அதன் பொருள். நமது பெருந்தோட்டங்களின் மூலதன வரலாற்றைக் கண்காணிப்பின் வரலாறாகவும் எழுதலாம் என்னும் எண்ணம் அச்சொல்லிலிருந்தே தோன்றியது. அச்சொல்லுக்குக் கட்டுரையின் இறுதியில் மீள்வோம்.

நமது பல்கலைக்கழகத்திலிருந்து மகாவலியைக் கடந்தால் கன்னொறுவை. 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக விளங்கிய சேர் எட்வேர்ட் பான்ஸ் அங்கே தமக்கெனக் கோப்பித் தோட்டம் ஒன்றை உண்டாக்கியிருந்தார். ஆளுநரே தோட்டக்காரராக இருக்கையில் ஏனைய உத்தியோகத்தரும் படையதிகாரிகளும் அவ்வழியிற் செல்வதில் வியப்பில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமையும், 1835 இல் இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்தில் வரிச் சமநிலை கிடைத்தமையும் இவ்வூக்கத்தை மேலும் வளர்த்தன. 1840 களில் காடுகள் விரைந்து அழிந்தன. ஆயின் கோப்பி நட்டவுடன் காய்ப்பதன்று. முதல் விளைவுக்கு மூன்றாண்டேனும் காத்திருத்தல் வேண்டும். காடு வெட்டவும், கன்று நடவும், தொழிலாளருக்கு அரிசி கொடுக்கவும் அதுகாறும் பணம் தேவை. தோட்டக்காரனின் கையிருப்போ முதலாண்டிலேயே கரைந்துவிடும். அதன்பின் அவனிடம் எஞ்சியிருப்பவை காணி உறுதியும் வரப்போகும் விளைச்சலுமே.

இவ்விரண்டையும் ஈடாகப் பெற்றுக்கொண்டு பணம் கொடுத்தவை கொழும்பிலிருந்த வணிக நிலையங்கள். பிற்காலத்தில் முகவர் இல்லங்கள் எனப் பெயர்பெற்றவை இவற்றினின்றும் வளர்ந்தனவே. இங்கு ஒரு நுட்பம் உண்டு. தோட்டத்தில் தோல் நீக்கி உலர்த்திய கோப்பி, மேலோடு களைந்து தரம் பிரிப்பதற்காகக் கொழும்பிலுள்ள பண்டசாலைகளுக்கு வரவேண்டியிருந்தது. அப்பண்டசாலை கடன் கொடுத்த நிலையத்தினுடையதாகவோ அதன் தொடர்புடையதாகவோ இருந்தது. கோப்பியைத் துப்புரவு செய்வதும், கப்பலேற்றுவதும், இலண்டனில் விற்பதும், விற்ற பணத்தில் வட்டியையும் தரகையும் கழித்து மிகுதியைத் தோட்டக்காரன் கணக்கில் வைப்பதும் அந்நிலையமே. எனவே கடனாளியைக் கண்காணிக்க அது மலையேற வேண்டியதில்லை. விளைச்சல் முழுவதும் அதன் கைவழியே சென்றது. கண்காணிப்புச் செலவு அநேகமாக இல்லை என்றே கூறலாம். இத்தகைய நிலையிற் பங்கு மூலதனத்துக்குத் தேவை எழவில்லை. கூட்டுப்பங்குக் கம்பனிகளுக்கான கட்டளைச் சட்டம் 1861 இலேயே இலங்கையில் வந்துவிட்டது. அதன் பின்னரும் கோப்பித் தோட்டங்களுட் பெரும்பாலானவை தனியாட்களின் உடைமையாகவே இருந்தன. ஸ்கொத்லாந்திலிருந்து வந்து காட்டிடைக் குடிசையில் வாழ்ந்த ஒருவனின் இருநூறு ஏக்கரிற் பங்கு வாங்குவதற்கு இலண்டனில் எவன் முன்வருவான்? அவனை நம்புவதற்குக் காரணம் இல்லை. அவன் கணக்கை நம்புவதற்கு அதனினும் இல்லை. ஆனால் அவனது கோப்பி மூடையைப் பிடித்து வைத்துக்கொண்டு கடன் கொடுக்கலாம்.

இம்முறை 1847 ஆம் ஆண்டின் நெருக்கடியில் முதன்முறை ஆட்டங்கண்டது. கோப்பி விலை வீழ்ந்து, பல தோட்டங்கள் வந்த விலைக்குக் கைமாறின. எனினும் முறை மாறவில்லை. அது சிதைந்தது பின்னரே. அச்சிதைவுக்குக் காரணம் இலைநோய் என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. 1869 இல் முதன்முதற் காணப்பட்ட அப்பூஞ்சணம் கோப்பியை அழித்தது உண்மையே. ஆயின் நோய் தோன்றிய ஆண்டுக்கும் கோப்பி வீழ்ந்த ஆண்டுகளுக்கும் இடையே பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் நடந்தது யாது? ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்தது. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. முகவரின் பேரேட்டில் ரூபாய்த் தொகை மட்டுமே தெரியும். இலையின் அடிப்பக்கத்திற் படிந்த செம்மஞ்சட் பொடி தெரியாது. விலையுயர்வு விளைச்சற் குறைவை மறைத்தது. கடன் கொடுத்தல் குறையாமல் மேலும் பெருகிற்று. டிம்புள, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய உயர்நிலங்களிற் புதிய காடுகள் வெட்டப்பட்டன. 1878 அளவிற் கோப்பி பயிரிட்ட பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக உச்சம் கண்டது. நோய் கண்டு பத்தாண்டு ஆகும் நேரத்திற் பயிர்ப்பரப்பு உச்சத்தில் இருந்தது என்னும் இச்செய்தியை முதலில் வாசித்தபொழுது நாம் அச்சுப்பிழையோ என ஐயுற்றோம்.

ஐயுறத் தேவையில்லை. காரணம் ஊதியத்தின் அமைப்பிலே இருந்தது. தோட்டக்காரன் தன் சொந்த முதலை முன்னரே இழந்தவன். புதுக்காடு வாய்த்தால் அவனுக்கு இலாபம், வாய்க்காவிடின் இழப்பு ஈடு பிடித்தவனுக்கு. ஆகவே அவன் துணிந்தான். முகவரோ வட்டியை மட்டும் நம்பி இருக்கவில்லை. அனுப்பும் ஒவ்வொரு மூடைக்கும், வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு மூடை அரிசிக்கும் தரகு உண்டு. தோட்டம் பெருகினால் தரகு பெருகும். நிலத்தின் நலிவைக் கூர்ந்து நோக்கிக் கடனை நிறுத்துவது அவருக்கு அன்றைய வருமானத்தை நிறுத்துவதாகும். பார்க்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது; பார்க்கவேண்டும் என்னும் தூண்டுதல் இருக்கவில்லை.

இம்முகவருக்கும் தோட்டக்காரருக்கும் பின்னால் நின்றது ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1842 இற் பம்பாயிற் தோன்றி, பின்னர் இலண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றி, 1851 இல் அரச சாசனம் பெற்ற அவ்வங்கி கீழைத்தேச வங்கிகளுள் முதன்மையானது. நிலத்தை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தலைக் குடியேற்ற நாட்டு வங்கிகளுக்குரிய சாசன விதிகள் விலக்கியிருந்தன. அவ்விலக்கின் நோக்கம் நியாயமானதே; வைப்பாளர் கேட்டவுடன் கொடுக்கவேண்டிய பணத்தை, எளிதில் விற்கமுடியாத மலைக்காட்டிற் புதைத்தல் ஆகாது. ஆயினும் வழங்கிய கடன் திரும்பாதபோது தோட்டங்கள் வங்கியின் கைக்கு வந்தன. இலங்கைக் கோப்பியிலும் மொரீசியசின் கரும்பிலும் அதன் பணம் சிக்கியது. 1884 மே 3 ஆந் திகதி அது கதவடைத்தது. அதன் நோட்டுகளே இந்நாட்டிற் பெருமளவில் வழங்கிய காலம் அது. ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசின் பொறுப்பை அறிவித்தார். இல்லையேல் சந்தை முழுவதும் முடங்கியிருக்கும். அவ்வாண்டே காகித நாணயச் சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. இந்நாட்டு அரச நாணய நோட்டின் பிறப்புக்குக் கோப்பிக் கடனைக் கண்காணியாமையும் ஒரு காரணம் என்பதை நமது பாடநூல்கள் எடுத்துக் கூறுவதில்லை.

கோப்பி சென்றபின் தேயிலை வந்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தார். 1900 ஆம் ஆண்டளவில் தேயிலைப் பரப்பு மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. இம்மாற்றத்தைப் பயிர்மாற்றமாக மட்டும் காண்பது போதாது. அது மூலதன வடிவத்தின் மாற்றமுமாகும். கொய்த தேயிலைக் கொழுந்து காத்திராது. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், சூடேற்றி உலர்த்துதல் ஆகிய யாவும் தோட்டத்திலேயே உடனுக்குடன் நடைபெறல் வேண்டும். ஆகவே தொழிற்சாலை வேண்டும், பொறிகள் வேண்டும், பொறிக்குத் தீனியாகப் பல நூறு ஏக்கர் வேண்டும். நொடித்துப்போன சிறு கோப்பித் தோட்டங்கள் ஒன்றிணைக்கப்பட்டன. இதற்கு வேண்டிய பெரும் பணத்தைப் பழைய முறையிற் கடனாகக் கொடுப்பார் எவரும் இலர். ஈடு என்னும் சொல்லே அச்சந்தரும் சொல்லாகியிருந்தது. 1886 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கம்பனி இலண்டனில் அமைந்தது. அடுத்த ஆண்டிற் பழைய இலங்கைக் கம்பனி ஈஸ்ரேண் புரொடியூஸ் அன்ட் எஸ்ரேற்ஸ் என்னும் புதுப் பெயருடன் மீளமைந்தது. பின்னர் ஸ்ரேலிங் கம்பனிகள் இலண்டனிலும் ரூபாய்க் கம்பனிகள் கொழும்பிலும் அடுத்தடுத்துப் பதிவாயின. 1896 இல் கொழும்பிற் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது. முன்னர்த் தோட்டத்தை ஈடு பிடித்திருந்த முகவர் இல்லமே இப்பொழுது கம்பனியை அமைத்துப் பங்கு விற்று, அக்கம்பனியின் செயலாளராகவும் முகவராகவும் அமர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத மலையிலுள்ள தோட்டத்திற் பங்கு வாங்கும் துணிவு இலண்டன்வாசிக்கு இப்பொழுது மட்டும் எங்கிருந்து வந்தது? அவனுக்காகப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று உருவாகியிருந்தமையே காரணம் என்பது எமது கருத்து. தோட்டத்தை நடத்திய துரை இப்பொழுது உடைமையாளர் அல்லர், சம்பளக்காரர். பல இடங்களில் ஆதாயத்தில் ஒரு கூறும் அவருக்கு உண்டு. அவருக்கு மேல் ‘விசிற்றிங் ஏஜென்ற்’ எனப்படும் மேற்பார்வையாளர். அனுபவம் முதிர்ந்த தோட்டக்காரராகிய அவர் குறித்த காலங்களில் வந்து, மலைமலையாக நடந்து, கவ்வாத்து, கொழுந்து, தொழிற்சாலை, இறாத்தலுக்கு விழுந்த செலவு யாவற்றையும் எழுதி முகவருக்கு அறிக்கை அனுப்புவார். அவர் வருகிறார் என்றால் பெரிய துரைக்கும் உறக்கம் இல்லை என்பர். எனினும் இவ்வேற்பாட்டில் மிகக் கூர்மையான கண் எவருடைய முகத்திலும் இருக்கவில்லை. அது ஏலச் சந்தையில் இருந்தது. இலண்டன் மின்சிங் லேனிலும், 1883 யூலை முதற் கொழும்பிலும் நடைபெற்ற தேயிலை ஏலத்தில் ஒவ்வொரு தோட்டத்தின் தேயிலையும் அதன் பெயர் முத்திரையுடனேயே விலைபோனது. இன்ன தோட்டம் இன்ன விலை என்பது ஏலந்தோறும் அச்சேறியது. அயல் தோட்டம் கூடிய விலை பெற, தன் கம்பனியின் தோட்டம் குறைந்த விலை பெறின், அதனை இலண்டனிற் காலையுணவு அருந்திக்கொண்டே ஒருவன் அறியலாம். கோப்பிக் காலத்தில் முகவரின் பேரேட்டுக்குள் மறைந்திருந்த செய்தி, தேயிலைக் காலத்திற் பொதுச்செய்தியானது. பங்கு மூலதனம் அச்செய்தியின் மேலேயே நின்றது.

ஆயினும் கண்காணிப்போரைக் கண்காணிப்பார் யார் என்னும் வினா இங்கும் எழாமலில்லை. முகவர் இல்லம் உரத்தையும் அரிசியையும் பொறியையும் வாங்கிக் கொடுத்தது. தேயிலையை விற்றுக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் தரகு பெற்றது. கம்பனி நட்டமடைந்த ஆண்டிலும் தரகு நிற்காது. இயக்குநர் சபையில் இருந்தவரும் பெரும்பாலும் அதே வட்டத்தினர். இக்குறை 1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை தீரவில்லை. அரசுடைமை வேறு குறைகளைக் கொண்டுவந்தது. அது தனிக் கட்டுரைக்குரியது. 1992 இல் அரச தோட்டங்களின் முகாமை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் விடப்பட்டபோது, ஐந்தாண்டில் வெளியேறப்போகின்றவர் இருபது ஆண்டு கழித்துப் பயன்தரும் மறுநடுகையில் ஏன் பணம் இடுவர் என்று கேட்கப்பட்டது. 1995 முதல் அக்கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகளே விற்கப்பட்டமைக்கு இவ்வினாவும் ஒரு காரணமாகும்.

இதுவரை கூறியது ஐரோப்பியர் மூலதனத்தின் கதை. நாட்டவர்க்கு ஏலப்பட்டியலும் இல்லை, இலண்டன் பங்குச் சந்தையும் இல்லை. புறக்கோட்டை வணிகனும், தெங்கு அல்லது இறப்பர்க் காணியுடைய உள்நாட்டானும் பணம் வேண்டியபோது செட்டியார் தெருவுக்கே சென்றனர். வெள்ளையர் வங்கிகள் அவர்களுக்கு நேரிற் கடன் கொடுத்தல் அரிது. சில ஆண்டுகளில் வேறு நாட்டுக்கு மாற்றலாகிச் செல்லும் வங்கி முகாமையாளருக்குப் புறக்கோட்டையில் நாணயமுள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று எங்ஙனம் தெரியும்? அதனைத் தெரிந்தவர் சிறாப்பர். நாட்டுக்கோட்டைச் செட்டியார் நிலையங்களுக்கு வங்கி கொடுக்கும் கடனுக்கு அவர் பிணை நின்றார். அதற்குத் தரகு பெற்றார். கடன் திரும்பாவிடின் தாம் கட்டினார். முகவர் இல்லத்துக்கும் சிறாப்பருக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே. இருவரும் தரகு பெற்றனர். ஆயின் பார்வை பிழைத்தால் தன் சொத்தை இழப்பவர் சிறாப்பரே.

செட்டியார் நிலையத்தின் உட்கட்டமைப்பும் நோக்கற்பாலது. உரிமையாளரின் சொந்த முதல் ‘முதற்பணம்’. பிறர் வைப்பாக இட்டது ‘மேல்பணம்’. பங்கும் கடனும் என்று நாம் இன்று பிரிக்கும் பிரிவினை அங்கு முன்னரே தமிழிற் பெயர்பெற்றிருந்தது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கொழும்புக் கடையை நடத்துபவர் மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்ட முகவர். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே ஊரிற் குடும்பத்தாரிடம் கொடுக்கப்படும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பவேண்டும். நல்ல கணக்கு அடுத்த தவணையையும் தரும், பிழைபட்ட கணக்கு நகரத்தார் எவருடைய கடையிலும் இடந்தராது. கடலுக்கப்பாற் சென்ற பணத்தைக் காப்பதற்கு இவர்கள் நீதிமன்றத்தை அன்றி உறவையும் ஊரையும் கோயிலையும் நம்பினர். இதனைப் பிற்போக்கு என்பார் உளர். விசிற்றிங் ஏஜென்றின் அறிக்கையைவிட இது குறைவாகப் பயன்பட்டது எனக் கொள்ள எமக்குச் சான்று தென்படவில்லை.

ஆனால் ஒரே கண்ணாற் பலரையும் பார்க்கும் முறைக்கு ஒரு பேராபத்து உண்டு: அக்கண் பழுதுற்றால் யாவரும் இருளில் ஆழ்வர். 1925 இற் கொழும்பிற் செட்டியார் நிலையம் ஒன்று பெருந்தொகையுடன் முறிந்தது. வங்கிகள் அந்நிலையத்தை மட்டும் ஐயுறவில்லை; சிறாப்பரின் பிணையையும் அவர் பிணை நின்ற அனைவரையும் ஐயுற்றன. கடன் சுருங்கியது. தாம் வாங்கிய பணத்தைத் திருப்பவேண்டிய செட்டியார் தாம் கொடுத்த பணத்தைக் கேட்டனர். 1929 இன் பின் வந்த பெருமந்தத்திற் கேட்ட பணம் வரவில்லை. ஈடு வைத்த காணிகளே வந்தன. வட்டிக்குப் பணம் கொடுக்க வந்தோர் வேண்டாமலே காணிச் சொந்தக்காரராயினர். அவ்விளைவின் கசப்பு அக்கால அரசியலிற் செட்டியார் மீது விழுந்தது. 1934 இற் சேர் சொராப்ஜி பொச்கன்வாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்து விசாரித்தது. 1939 ஓகத்து முதலாந் திகதி இலங்கை வங்கி தொடங்கியது. நாட்டவரைத் தானே நேரிற் பார்த்து அளந்தறியும் ஒரு வங்கி வேண்டும் என்பதே அதன் பின்னாலிருந்த கோரிக்கை.

இனி அச்சொல்லுக்கு வருவோம். கம்பனியின் பங்காளரிடமிருந்து முகவருக்கும், முகவரிடமிருந்து துரைக்கும் வந்த பணத்தில் ஒரு பகுதி அங்கு நிற்காமல் மேலும் கீழிறங்கியது. துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். கங்காணி தமிழ்நாட்டிலுள்ள தம் ஊர்ப்பக்கம் சென்று, பழைய கடனைத் தீர்க்கவும் வழிச்செலவுக்குமாக அங்குள்ளோருக்குக் கொடுத்து அவர்களை அழைத்துவந்தார். அத்தொகை தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. தம் கூட்டத்திலிருந்து பிரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்கு நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. வராதவருக்குக் கிடையாது. முகாமைக் கோட்பாட்டினர் இதனிலும் செம்மையான கண்காணிப்பூக்கம் ஒன்றைப் புதிதாக வகுக்க இயலுமோ என்பது ஐயமே. நோயுற்றவரையும் லயத்திலிருந்து எழுப்பி வெளியேற்றியது துரையின் குரல் மட்டுமன்று, அந்தத் தலைக்காசுமாகும்.

கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு தொகை கடன், அதனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடதாசி அது. அதனைக் கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்திற் கூடிய முற்பணம் பெறுவார். பழைய கடன் தீர்ந்து புதிய கடன், முன்னையதினும் பெரியதாய், அதே ஆட்களின் பெயரில் ஏறும். கம்பனிகளின் ஐந்தொகையில் இம்முற்பணங்கள் சொத்துப் பக்கத்தில் இடம்பெற்றன. காணி, தொழிற்சாலை, பொறி, கையிருப்புத் தேயிலை ஆகியவற்றோடு அதுவும் ஒரு வரி. பங்காளர் அதனை வாசித்தனர், கணக்காய்வாளர் கையொப்பமிட்டனர். ஏலத்தில் தேயிலையின் விலையைப் பார்க்கவும், மலையிற் கவ்வாத்தைப் பார்க்கவும், புறக்கோட்டையில் வணிகனின் நாணயத்தைப் பார்க்கவும் ஊதியம் பெற்ற கண்கள் இருந்தன. தொழிலாளியின் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்னும் கணக்குக் கங்காணியின் கையிலே இருந்தது. அதனைச் சரிபார்ப்பதில் ஆதாயம் உள்ளவர் அத்தொழிலாளி ஒருவரே. அவருக்கோ பெரும்பாலும் எழுத்துத் தெரியாது. துண்டுமுறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.